ஹவுஸ்மேட் விக்கா பக்கம் போயிட்டா, இது நிஜ நம்பிக்கையா இல்ல இன்ஸ்டா சீசனா?

கத்தரிப்பூ:

வணக்கம் மக்களே, ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

நான் இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருக்கேன், மூணு பேர் ஷேர் பண்ற வீடு. அதுல ஒருத்தி சாமர்செட் பக்கத்து பொண்ணு, 24 வயசு, கால் சென்டர் வேலை, தங்கமானவ, எனக்கு காய்ச்சல் வந்து படுத்தப்போ ரூம் வாசல்ல சூப் வச்சுட்டு போவா. அவ எட்டு மாசமா விக்காவுல இறங்கியிருக்கா, அதாவது தங்களை விட்ச்னு சொல்லிக்கறவங்களோட இயற்கை வழிபாட்டு மதம். ஆரம்பிச்சது டிக்டாக் பார்த்துதான்னு அவளே சொல்றா, மறைக்கல. இப்ப அவ ஜன்னல் திட்டுல ஒரு குட்டி பூஜை மாடம் மாதிரி செட் பண்ணியிருக்கா, ஒரு கிண்ணத்துல கல்லுப்பு, ஒண்ணுல தண்ணி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, அப்புறம் கறுப்பு கைப்பிடி போட்ட ஒரு கத்தி. கத்தியப் பார்த்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு, அது எதையும் வெட்ட இல்லையாம், பேரு அத்தாமேயாம், பூஜைக்கு முன்னாடி காத்துலயே சுத்தி ஒரு வட்டம் போடறதுக்காம். கூட மூணு கிரிஸ்டல் கல்லு இருக்கு, அதுல ஒண்ணுல விலைச் சீட்டு இன்னும் கிழிக்காம அப்படியே ஒட்டிட்டிருக்கு.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. போன வாரம் கதவைத் தட்டி, "காளி உங்க ஊர் சாமிதானே, நான் ஹெகட்டே பக்கத்துல காளி படம் வச்சா கோவிச்சுப்பாளா"ன்னு கேட்டா (ஹெகட்டேன்னா பழைய கிரேக்க மாந்திரீக தேவி). எனக்கு சிரிக்கறதா கோவப்படறதான்னே தெரியல. எங்க குலதெய்வம் காளியம்மன், ஊருக்குப் போறப்பல்லாம் மொட்டை வெயில்ல நின்னு பொங்கல் வச்சுட்டு வர்ற ஆளு நானு, அவளுக்கு அது பிரிண்ட் அவுட் எடுத்த ஒரு படம். ஆனா கேட்ட விதத்துல விளையாட்டே இல்ல, பயந்து பயந்துதான் கேட்டா, அதான் என்னை குழப்புது.

வர்ற பௌர்ணமிக்கு கூட வந்து உக்காருன்னு கூப்பிட்டிருக்கா. இவங்கள்ல எத்தனை பேர் மனசார செய்யறாங்க, எத்தனை பேர் கறுப்பு டிரஸ்ஸுக்கும் ரீல்ஸுக்கும் வர்றாங்க, எப்படிங்க பிரிச்சுப் பார்க்கறது? அம்மாகிட்ட ஃபோன்ல விட்ச்னு சொல்லிட்டேன், "சூனியக்காரி கூட ஒரே வீட்டுல எதுக்குடி இருக்க"ன்னு அரை மணி நேரம். கூகுள் பண்ணா துணியே இல்லாம பூஜை பண்ணுவாங்கன்னு வேற வருது, கிலியா இருக்கு.


டீக்கடை_பெஞ்ச்:

விலைச் சீட்டு கிழிக்கலைன்னா ரிட்டர்ன் பண்ற ஐடியாவோடதான் வாங்கியிருக்கா. ஃபேஷன். அடுத்த கேஸ்.


பனிமலை:

பெஞ்ச் அண்ணே, எங்க வீட்டு குத்துவிளக்குல அஞ்சு வருஷமா பாத்திரக்கடை ஸ்டிக்கர் இருக்கு, அப்ப நாங்களும் ஃபேஷனா 😄

கத்தரிப்பூ, நான் அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் இருக்கேன், சேலம் இங்கிருந்து ட்ரெயின்ல அரை மணி (நம்ம மாம்பழ சேலம் இல்லீங்க). அக்டோபர் மாசம் ஒரு தடவை வந்து பாருங்க, ரோட்டுல கால் வைக்க இடம் இருக்காது, எங்க பாத்தாலும் கூம்புத் தொப்பி, டீ ஷர்ட், பிளாஸ்டிக் துடைப்பம், பழைய டிவி சீரியல்ல சூனியக்காரியா வந்த கேரக்டருக்கு ஊர் நடுவுல வெண்கலச் சிலையே இருக்கு. 1692ல அந்த ஊர் விசாரணையில 19 பேரை தூக்குல போட்டாங்க, ஒரு பெரியவரை கல்லை ஏத்தி நசுக்கியே கொன்னாங்க. அவங்க யாரும் விக்கா இல்ல, விக்கான்னு ஒண்ணு அப்ப கிடையாதே, எல்லாரும் பைபிள் படிச்ச கிறிஸ்தவங்க. தூக்குல போட்ட இடம் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னாடி இருக்கு, 2017லதான் ஒரு சின்ன நினைவுச் சுவர் கட்டினாங்க. தொப்பி போட்ட கூட்டத்துல பாதி பேர் அங்க எட்டிக்கூட பாக்கறதில்ல. நான் போன அன்னிக்கு அங்க ரெண்டே பேர், ஒரு வயசான அம்மா, கூட அவங்க பேத்தி போல ஒரு பொண்ணு, ஒவ்வொரு பேரையும் விரலால தொட்டு சத்தமா படிச்சாங்க. கழுத்துல வட்டத்துக்குள்ள அஞ்சு முனை நட்சத்திரம் தொங்குச்சு, அதான் விக்கா சின்னம். தொப்பியெல்லாம் ஒண்ணும் இல்ல, சாதா ஸ்வெட்டர்.

ஃபேஷன் பக்கம் கேக்கறீங்கன்னா அதுக்கும் கதை இருக்கு. 2018ல செஃபோராங்கற மேக்கப் கடையில 42 டாலருக்கு ஒரு "ஸ்டார்ட்டர் விட்ச் கிட்" விக்கறதா இருந்தாங்க, உள்ள பெர்ஃப்யூம், டாரட் சீட்டு, வெள்ளை சேஜ்ங்கற மூலிகைக் கட்டு, ஒரு ரோஸ் குவார்ட்ஸ் கல்லு. முதல்ல கத்தினது யாருன்னு நினைக்கிறீங்க, விட்சுங்களேதான், எங்க மதத்தை மேக்கப் டப்பாவுல போட்டு விக்காதேன்னு. சேஜ் கொளுத்தறது செவ்விந்தியர்களோட சடங்கு, அதை ஏன் இதுல சொருகறேன்னு அந்தப் பக்கமும் சண்டை. கம்பெனி மன்னிப்பு கேட்டு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிடுச்சு.

இன்னொரு பக்கமும் சொல்றேன். நெவாடாவைச் சேர்ந்த ஒரு ராணுவ வீரர் 2005ல ஆப்கானிஸ்தான்ல ஹெலிகாப்டர்ல போகும்போது சுட்டு வீழ்த்தப்பட்டு செத்துப்போனார், அவர் விக்கன். நினைவுப் பட்டயத்துல சிலுவை போடலாம், பிறை போடலாம், நாத்திகர்களுக்குக்கூட ஒரு சின்னம் உண்டு, ஆனா இவர் நட்சத்திரத்துக்கு மட்டும் அனுமதி இல்லைன்னுட்டாங்க. அவர் மனைவி விடல, கேஸ் வரைக்கும் போய் 2007 ஏப்ரல்லதான் அரசாங்கம் இறங்கி வந்துச்சு. ரீல்ஸுக்காக எவனும் கல்லறைக்கல்லு வரைக்கும் போகமாட்டாங்க.


வடலி:

நான் லண்டன்ல இருக்கிறன், இதைப் பற்றி கொஞ்சம் வாசிச்சனான், ஆகவே ரெண்டு விசயம் சொல்லுறன்.

முதலாவது, "பழசு எண்டால் உண்மை, புதுசு எண்டால் ஃபேஷன்" எண்ட அளவுகோலை தூக்கி எறியுங்கோ. விக்காவே கன காலத்து மதம் இல்லை. ஜெரால்ட் கார்ட்னர் எண்ட ஆள் 1939ல நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய விட்ச் கூட்டம் தன்னைச் சேர்த்துக்கொண்டது எண்டு சொன்னவர், 1951ல பிரிட்டன்ல மாந்திரீகத் தடைச் சட்டத்தை எடுத்தாப்பிறகு 1954ல புத்தகம் போட்டு வெளியால கொண்டு வந்தவர். அந்த ஆள் 16 வயசில, 1900ல, வேலைக்கு வந்து இறங்கினது எங்க தெரியுமோ? சிலோன், தேயிலைத் தோட்டம்! பிறகு போர்னியோ, மலாயா, அங்க கஸ்டம்ஸ் உத்தியோகம், மலாய்க்காரற்ற கிறிஸ் கத்தியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினவர். உங்கட வீட்டுப் பிள்ளையின்ர கறுப்புப் பிடிக் கத்தியில அந்த கத்திப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும் எண்டு எனக்கு ஒரு நினைப்பு, ஆதாரம் எல்லாம் கேக்காதேங்கோ.

"கற்காலத்தில இருந்து இடைவிடாமல் வந்த மதம், 90 லட்சம் பேரை எரிச்சவங்கள்" எண்டு அந்தப் பிள்ளை சொன்னால் அது பழைய கதை எண்டு பக்குவமாச் சொல்லுங்கோ. ஐரோப்பா முழுக்க சூனியக்காரர் எண்டு கொல்லப்பட்டது 40 ஆயிரத்தில இருந்து 60 ஆயிரம் வரை எண்டுதான் இப்ப வரலாற்றாசிரியர்கள் சொல்லினம், அதே போதாதோ. இதையெல்லாம் கிண்டி எடுத்து 1999ல எழுதின பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் உங்கட பிரிஸ்டல் யுனிவர்சிட்டிதான்!

ரெண்டாவது, நீங்கள் கேட்ட சண்டை அந்த மதத்தின்ர வயசு. டொரீன் வாலியென்டே எண்டு ஒரு அம்மா, 1953ல சேர்ந்தவ, கார்ட்னற்ற சடங்குப் புத்தகத்தில கனக்க இடம் அலெஸ்டர் குரோலி எண்ட ஆங்கில மாந்திரீகற்ற வரியள் எண்டு கண்டுபிடிச்சு, அதையெல்லாம் தட்டிப்போட்டு தானே இருந்து அழகா திருப்பி எழுதினவ. கார்ட்னருக்கு பேப்பர்காரர் எண்டால் விருப்பம், கூப்பிட்டு பேட்டி குடுப்பார். இது மறைபொருள், நீங்கள் சந்தையில விக்கிறியள் எண்டு 1957ல வாலியென்டே அம்மா சண்டை. நிருபர்களோட கதைக்கிறதுக்கு சில கட்டுப்பாடு போடுவம் எண்டு அவ எழுதிக் குடுக்க, அவர் உடனே "பழைய சட்டங்கள்" எண்டு ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வாறார், அதில வயசு போன பூசாரி அம்மா இளம் பெண்ணுக்கு இடம் விட்டு விலகவேணும் எண்டும் கிடக்கு! அவ விழுந்து விழுந்து சிரிச்சாவோ அழுதாவோ, கூட்டத்தை விட்டு விலகிட்டா. ஆனா மதத்தை விடேல்லை, 1999ல சாகுமட்டும் விட்சாத்தான் இருந்தவ.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, அதில ஆர் ஃபேஷன்? விளம்பரம் தேடின கார்ட்னரோ? அவரும் 1964ல கப்பல்ல சாகுமட்டும் இதிலதானே கிடந்தவர்.

ஒரு கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் சென்சஸில விக்கா எண்டு எழுதினவை 2011ல கிட்டத்தட்ட 12 ஆயிரம், 2021ல 13 ஆயிரம். அந்த பத்து வருசத்துக்குள்ளதான் இன்ஸ்டா, டிக்டாக் எல்லாம் பொங்கினது. ஃபோனில கோடிக்கணக்கில பாக்கினம், படிவத்தில எழுதினது மேலதிகமா ஆயிரம் பேர் அளவில.


கத்தரிப்பூ:

வடலி அண்ணா சிலோன் மேட்டர் சூப்பர், அவகிட்ட சொன்னேன், நம்பவே இல்ல, உடனே ஃபோன எடுத்து தேடி, "அப்ப உங்க ஆளுங்க பறிச்ச டீயைக் குடிச்சுத்தான் இதெல்லாம் ஆரம்பிச்சுதா"ன்னு கேட்டா. என்ன சொல்றது.

90 லட்சம் கணக்கையும் எடுத்துவிட்டேன். அதுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு, எனக்கே பாவமாப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, "பழசு இல்லைன்னா என்ன, நான் விளக்கு ஏத்தும்போது எனக்குள்ள நடக்கறது பொய்யா"ன்னு கேட்டா. நான் வாயே திறக்கல.


டீக்கடை_பெஞ்ச்:

வடலி, சென்சஸ் லாஜிக்ல ஓட்டை இருக்கு. நிறைய பேர் விக்கான்னு எழுதாம பேகன்னு (இந்த மாதிரி இயற்கை தெய்வங்களைக் கும்பிடறவங்களுக்கு பொதுப் பேரு) எழுதியிருப்பாங்களே, அது 57 ஆயிரத்துல இருந்து 74 ஆயிரம் ஆயிருக்கே. அந்தக் கேள்விக்கு பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயமும் இல்ல. விலைச் சீட்டு தியரிய வாபஸ் வாங்கிக்கறேன், பனிமலை வீட்டு குத்துவிளக்குக்காக.


ஒளியின்_பிள்ளை:

சகோதரி, தயவுசெய்து அந்த வட்டத்துக்குள்ள உக்காராதீங்க. விளையாட்டா ஆரம்பிச்சாலும் நம்பிக்கையா ஆரம்பிச்சாலும் அந்தக் கதவு ஒண்ணுதான். சாத்தானை கும்பிடறவங்க கூட சாப்பிடக்கூட வேணாம். ஜெபிச்சுக்கறேன்.


வடலி:

ஐயா, உங்கட விசுவாசம் உங்களோட, அதில எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா அவையிட்ட சாத்தானே இல்லை. சாத்தான் உங்கட வேதப் புத்தகத்தில வாற ஆள், அவையின்ர சாமி ஒரு நிலாத் தாயும் கொம்பு வச்ச காட்டுத் தேவனும். கொம்பைக் கண்டவுடன எல்லாரும் குழம்பிப் போறது.


யூகலிப்டஸ்:

மெல்போர்ன்ல இருந்து எழுதறேங்க, கோயமுத்தூர்க்காரன். எங்க ஆஃபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல ஒரு அம்மா, அம்பது தாண்டின வயசு, இருபது வருஷத்துக்கு மேல விக்கா. அந்தம்மாகிட்ட இதே கேள்விய நான் ஒரு நாள் டீ குடிக்கறப்ப கேட்டேனுங்க, கோவிச்சுக்கல, "அக்டோபர் 31ல என்ன செய்யறன்னு கேளு, போதும்"னுச்சு.

எனக்குப் புரியல. அப்புறம் விளக்கமா சொல்லுச்சு. விக்காவுல வருஷத்துக்கு எட்டு பண்டிகைங்க, எல்லாம் சூரியனையும் பருவத்தையும் வச்சு. சாவையின்னா செத்தவங்கள நினைக்கற நாள், இலையெல்லாம் உதிர்ந்து இருட்டு கூடற சமயத்துல வரணும், இங்கிலாந்துல அது அக்டோபர் கடைசி. எங்க ஊர்ல அக்டோபர் கடைசின்னா வசந்தம், பூ பூத்துக் கிடக்கும், வெயில் ஏறிட்டு இருக்கும். அதனால இந்தம்மா சாவையின ஏப்ரல் கடைசியில வச்சுக்குது, அக்டோபர் கடைசியில வர்றது அதுக்கு பெல்டேன், வசந்தப் பண்டிகை. இங்கிருக்கற பொண்ணுங்கள்ல பல பேர் ஃபோன்ல அமெரிக்காக்காரி என்ன போடறாளோ அதையே அதே நாள்ல செய்யறாங்க, வெளிய ரோஜா பூத்திருக்கு, இவங்க செத்தவங்களுக்கு விளக்கு வைக்கறாங்க. "ஜன்னல் வழியா வெளிய பார்க்காதவ என்ன இயற்கை சாமிய கும்பிடறா"ன்னு கேட்டுச்சு பாருங்க, எனக்கு அது நெஞ்சுல நின்னுடுச்சு. வட்டம் போடறதுலயும் இருக்குங்க, உங்க பக்கம் கடிகாரம் சுத்தற திசையில போடுவாங்க ஏன்னா சூரியன் அப்படிப் போகுது, இங்க சூரியன் வடக்குப் பக்கமா போறதால இந்தம்மா எதிர்த் திசையில சுத்தும், நெருப்ப தெற்க வைக்காம வடக்க வைக்கும். புத்தகத்துல அப்படி இல்லையேன்னு கேட்டதுக்கு, "புத்தகம் எழுதினவர் வீட்டுல சூரியன் வேற பக்கம்"னுச்சு.

ஆனா ஒண்ணுங்க, தானும் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு சினிமா பார்த்துட்டுத்தான் கறுப்பு நெயில் பாலிஷ் போட்டுட்டு இதுக்குள்ள வந்தேன்னு சிரிச்சுட்டே ஒத்துக்குச்சு. கூட வந்த அஞ்சு பேர்ல நாலு பேர் அடுத்த வருஷமே காணோமாம். யார் நிக்கப் போறான்னு அன்னிக்கு பார்த்திருந்தா சொல்லியிருக்க முடியாது, இருக்கறதுலயே அதிகமா ஆடினது நான்தான்னுச்சு.

உங்க பயத்துக்கும் பதில் சொல்லிடறேன். துணி இல்லாம செய்யறது கார்ட்னர் வழி வந்த சில கூட்டங்கள்ல உண்டுங்க, பொய் இல்ல. ஆனா அங்க நினைச்சதும் உள்ள விடமாட்டாங்க, ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருக்க வைக்கறது வழக்கம், தீட்சைக்கு காசு வாங்கறது பெரிய தப்பு. யாராச்சும் உங்க ஹவுஸ்மேட்கிட்ட அவ்வளவு பவுண்டு குடு, மூணு வாரத்துல பூசாரி ஆக்கறேன்னு சொன்னா அவளை இழுத்துட்டு வந்துருங்க. 1988ல ஸ்காட் கன்னிங்ஹாம்னு ஒருத்தர் தனியா செய்யறவங்களுக்குன்னே புத்தகம் போட்டதுக்கு அப்புறம் பெரும்பாலும் இந்த மாதிரி ரூம்ல தனியா உக்காந்து செய்யறவங்கதானுங்க. ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க, குளிரும்.


பனிமலை:

ஜன்னல் வழியா பாக்கறது, யோவ், இதுக்குத்தான்யா இந்தப் பக்கம் வர்றது.

காளி விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. எனக்கு அதுல கொஞ்சம் உறுத்தல் இருக்கு. விக்காவுல எல்லாப் பெண் தெய்வமும் ஒரே தாயோட பல முகம்னு எடுத்துக்கற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, அதனால எகிப்து ஐசிஸ், ரோமாபுரி டயானா, நம்ம காளின்னு ஒரே மூச்சுல கூப்பிடுவாங்க. அவங்க பக்கம் அது மரியாதைதான். ஆனா காளிக்கு ஒரு ஊர் இருக்கு, எல்லை இருக்கு, கூழ் ஊத்தற மாசம் இருக்கு, அவளுக்குன்னு பூசாரி குடும்பம் இருக்கு. படத்தை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போனா சேஜ் கட்டு கதைதானே. வைக்காதேன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கான்னா அதுவும் இல்ல, நம்ம வீட்டு ஷோகேஸ்ல புத்தர் தலை இருக்கு, யாரைக் கேட்டு வச்சோம்.


கத்தரிப்பூ:

எல்லாருக்கும் நன்றி. நேத்து பௌர்ணமி. போனேன்.

பின்பக்கம் குப்பைத் தொட்டி வைக்கற சின்ன முற்றம் இருக்கு, அங்கதான். நிலா சுத்தமா தெரியல, மேகம், பத்தரை மணிக்கு தூறல் வேற ஆரம்பிச்சுடுச்சு. முதல்ல ஃபோனை பூத்தொட்டி மேல சாச்சு வச்சு வீடியோ ஆன் பண்ணா. நான் மனசுக்குள்ள பெஞ்ச் அண்ணனை நினைச்சுக்கிட்டேன். மெழுகுவர்த்தி ஏத்தினா, அணைஞ்சுது. ஏத்தினா, அணைஞ்சுது. நாலாவது தடவை லைட்டரும் நனைஞ்சு போச்சு. ஃபோன் வழுக்கி மண்ணுல குப்புற விழுந்துச்சு, அதை எடுக்கவே இல்ல. மழைக்கோட்டோட, விளக்கு இல்லாம, கத்தியால சுத்தி ஒரு வட்டம் போட்டா, கிழக்கு எதுன்னு என்னைத்தான் கேட்டா, உப்பு கரைஞ்ச தண்ணியை நாலு பக்கமும் தெளிச்சா. அப்புறம் ஏதோ சொல்லிட்டு அழுதா. போன வருஷம் இறந்துபோன அவ பாட்டி பேர் மட்டும் எனக்கு புரிஞ்சுது. ஒரு இருபது நிமிஷம் நின்னிருப்போம். என் கால் மரத்துப் போச்சு, நடுவுல ரெண்டு தடவை கொட்டாவி வந்துச்சு, உண்மையைச் சொல்லணுமில்ல.

உள்ள வந்து ஓட்ஸ் பிஸ்கட்டும் ஆப்பிள் ஜூஸும் குடுத்தா, அது சடங்குல ஒரு பகுதியாம், மிச்சத்தை மண்ணுல போடணுமாம். ஃபோனைத் துடைச்சு வீடியோ பார்த்தா இருட்டும் மழைச் சத்தமும்தான். "சே, ஒண்ணுமே வரல"ன்னு நிஜமாவே வருத்தப்பட்டா. அந்த வருத்தமும் நிஜம், அழுததும் நிஜம், நான் எதை எந்தப் பக்கம் போடறது சொல்லுங்க.

காளி படம் பத்தி, வைக்கறதுக்கு முன்னாடி பங்குனியில எங்க ஊருக்கு ஒரு தடவை வந்து பாருன்னு சொல்லியிருக்கேன். டிக்கெட் விலை தேடிட்டிருக்கா. இதை அம்மாகிட்ட எப்படி சொல்லப் போறேன்னு தெரியல.

இப்ப ஒரு சந்தேகம், காத்து மழையில மெழுகுவர்த்திக்கு பதிலா என்ன வைக்கலாம்னு கேக்கறா. என்கிட்ட ரெண்டு டப்பா கற்பூரம் இருக்கு. தகரத் தட்டுல வச்சு உள்ளயே ஏத்தினா ஸ்மோக் அலாரம் அடிக்குமா? வாடகை வீடு.


டீக்கடை_பெஞ்ச்:

கட்டாயம் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஒரே ஒரு வில்லை போடுங்க, கையில ஈரத் துணி வச்சுக்குங்க. எங்க மேன்ஷன்ல ஆயுத பூஜை அன்னிக்கு நாலு மாடியும் கீழ இறங்கி நின்னுச்சு.